தெருமுனையில் திரும்பாத கூரை

மர்சலின் டீச்சருக்குக் கல்யாணம் என்ற செய்தியை சாந்தோமில் முதலில் தெரிந்துகொண்டவர்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள். ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தி, நவம்பர் மாதம் டீச்சருக்குக் கல்யாணம் என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் வீட்டில் அண்ணனிடம் இன்னும் வாயைத் திறக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. மத்தியானம் சாப்பாட்டுக்கு நாற்பத்திரண்டு பிள்ளைகளும் நாற்பத்திரண்டு வீடுகளுக்குப் போனார்கள். அண்ணன் ராஜநாயகம் துறைமுக ஆபீஸிலிருந்து திரும்புவதற்குள் மீன்காரி உட்பட தெருவே வந்து விசாரித்துவிட்டுப் போயிருந்தது.

அதுதான் மர்சலின். துக்கம் என்றால் யாருக்கும் தெரியாமல் மாதக்கணக்கில் வைத்துக்கொள்வாள். சந்தோஷம் வந்தால் மூன்று நிமிஷம் தாங்காது. வயது முப்பத்தொன்பது, உருவம் குள்ளம், நடை மட்டும் எப்போதும் பூசைக்கு நேரமாகிவிட்ட நடை. பதினெட்டு வருஷமாக அதே கோயில் பங்குப் பள்ளிக்கூடத்தில் அதே மூன்றாம் வகுப்பு. இனி இவளுக்குக் கல்யாணம் எங்கே என்று ஊர் பேச்சை முடித்து வைத்து ரொம்ப நாளாகியிருந்தது.

மாப்பிள்ளை ஆம்ப்ரோஸ் மயிலாப்பூர் தபாலாபீஸில் தந்தி குமாஸ்தா. நாற்பத்தாறு வயது. மனைவி போய் எட்டு வருஷம், பிள்ளைகள் இல்லை. தந்தி அடித்து அடித்துப் பேச்சையும் அதே அளவுக்குக் குறைத்துக்கொண்ட மனிதர். பள்ளிக்கூடத்துக்காக ஓர் அனுதாபத் தந்தி கொடுக்கப் போன மர்சலின் இருபத்தாறு சொல் எழுதிக் கொடுத்தாள். அவர் அதைப் படித்து, ஒன்பது சொல்லாக்கித் திருப்பிக் கொடுத்தார். ஒரு சொல்லும் விட்டுப்போன மாதிரித் தெரியவில்லை. தன் வாழ்க்கையில் இப்படி ஒருவர் இல்லாதது எவ்வளவு பெரிய குறை என்று அவளுக்கு அங்கேயே தோன்றிவிட்டது. ஒரு வருஷம் கழித்து அவர் கேட்டார், அதுவும் நாலே சொல்லில். அவள் நாற்பது சொல்லில் சம்மதம் சொன்னாள்.

இதில் அவசரம் என்ன என்று கேட்கலாம். மர்சலினைக் கேட்டால் தெரியும். இருபத்திரண்டு வயதில் அவளுக்கு ராயபுரத்து மாப்பிள்ளை ஒருவன் பேசி முடித்து, கோயிலில் முதல் ஓலையும் வாசித்தாகிவிட்டது. இன்னாரும் இன்னாரும் மணமுடிக்கப் போகிறார்கள், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் மூன்று ஞாயிறு பூசையில் வாசிப்பாரே, அந்த ஓலை. மாப்பிள்ளையின் பெரியப்பா காய்ச்சலில் படுத்தார், கல்யாணம் ஒரு வாரம் தள்ளிப்போனது. அந்த ஒரு வாரத்துக்குள் விபூதிப் புதன் வந்து, நாற்பது நாள் நோன்பான தபசுகாலம் ஆரம்பித்துவிட்டது. தபசுகாலத்தில் கோயிலில் கல்யாணம் மந்திரிக்க மாட்டார்கள். நோன்பு தீர்ந்து பாஸ்குத் திருநாள் முடியட்டும் என்றார்கள். பாஸ்கு முடிவதற்குள் ராயபுரத்தார் பாண்டிச்சேரியில் வேறு பெண் பார்த்துவிட்டார்கள். கல்யாணப் புடவை பெட்டியிலேயே மடிப்பு விட்டுப்போயிற்று. அன்றிலிருந்து மர்சலினுக்கு ஒத்திப்போடுவது என்ற காரியமே ஆகாது. பல் வலியைக்கூட ஒத்திப்போட மாட்டாள்.

இந்த வருஷம், அதாவது 1946இல், டிசம்பர் முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்மஸுக்கு முந்தின ஆகமன காலம் பிறக்கிறது. பிறந்தால் கிறிஸ்மஸ் தாண்டுகிறவரை மறுபடி மந்திரிப்பு கிடையாது. ஆகவே நவம்பர் இருபத்தேழு, புதன்கிழமை என்று அவள் தேதி வைத்துவிட்டாள். மாப்பிள்ளையைக்கூடக் கேட்கவில்லை.

தேதி இருந்தது, தங்க இடம் இல்லை. ஆம்ப்ரோஸ் குடியிருந்தது லஸ் பக்கம் ஆறு ஆண்பிள்ளைகள் சேர்ந்து இருக்கும் ஒரு மாடி அறையில். யுத்தம் முடிந்த பட்டணத்தில் வாடகைக்கு ஒரு வீடு என்பது கேட்டாலே சிரிக்கிற விஷயமாகியிருந்தது. பர்மாவிலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம், பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்ட வீடுகள் இன்னொரு பக்கம். மர்சலினும் அண்ணி டோரதியும் கோபாலபுரம் வரைக்கும் நடந்து பார்த்தார்கள். ஒரு வீட்டில் குதிரை லாயத்தைக் காட்டினார்கள், அதையும் முந்தின நாளே யாரோ பேசி முடித்திருந்தார்கள்.

வீட்டிலோ ஓர் அறை, ஒரு கூடம். அறையில் அண்ணனும் அண்ணியும் மூன்று பிள்ளைகளும். கூடத்தில் தையல் மிஷின் பக்கத்தில் மர்சலின். ராஜநாயகம் கெட்டவர் அல்ல, பேர் பார்க்கிற மனிதர். தெருவில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதை முதலில் யோசித்துவிட்டுத்தான் மழைக்குக் குடை விரிப்பார். கல்யாணமான அன்றைக்குத் தங்கை கூடத்தில் பாய் போட்டாள் என்ற பேச்சு வந்தால் தன்னால் கோயிலுக்குப் போக முடியாது என்றார். கிணற்றுக்கும் சமையலறைச் சுவருக்கும் நடுவே பதினாலு அடிக்கு ஒன்பது அடி இடம் இருந்தது, அதைத் தங்கைக்குக் கொடுத்தார். அங்கே கூரையோடு ஓர் அறை நின்றால் புதன்கிழமை கல்யாணம். நிற்காவிட்டால் கிறிஸ்மஸுக்கு அப்புறம். இதுதான் நிபந்தனை.

மர்சலின் மேஸ்திரிகளைத் தேடினாள். பாதிப் பேர் தியாகராய நகரில் பெரிய மனிதர்களின் புது வீடுகளில் இருந்தார்கள். மீதிப் பேர் சிமெண்டுக்கு பர்மிட் இருக்கிறதா என்று கேட்டார்கள். சுண்ணாம்பில் கட்டலாமே என்றால், ஐப்பசி மழையில் சுண்ணாம்பு காயாது, பொங்கலுக்கு அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். அப்புறம் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் எழுந்து வந்துவிட்டாள். பதினேழு வருஷத்துக்கு முந்தின அப்புறம் இன்னும் பெட்டிக்குள் மடிந்து கிடந்ததே.

அப்போதுதான் டோரதி ஒரு பேரை எடுத்தாள். கொழும்பில் இருக்கும் உன் சித்தி மகன் வால்டர் வீடுதானே கட்டுகிறான்?

ஆமாம், வீடுதான். சித்தி உயிரோடிருந்தபோது திருநாளுக்கு வரும்போதெல்லாம் சொல்வாள், என் மகன் துரைமாருக்கு வீடு கட்டுகிறான் என்று. கடல் தாண்டிய பிள்ளைகளுக்கு ஊரில் இருக்கும் தாய்மார் ஒரு படி உத்தியோகம் கூட்டிச் சொல்வது சாந்தோமில் நெடுநாள் வழக்கம். கப்பலில் சமைக்கிறவன் இங்கே கேப்டனாவான், கடையில் பொட்டலம் மடிக்கிறவன் முதலாளியாவான். எல்லாருக்கும் இது தெரியும். தன் வீட்டுப் பிள்ளை விஷயத்தில் மட்டும் யாருக்கும் தெரியாது. மர்சலின் அந்தப் பெருமையை நம்பினதோடு நிற்காமல், தன் பங்குக்கு ஒரு மாடியும் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தாள்.

சொந்தக்காரனை வேலைக்கு வைத்தால் திட்ட முடியாது, விரட்ட முடியாது, தினம் கறி ஆக்கிப் போட வேண்டும் என்று ராஜநாயகம் தடுத்துப் பார்த்தார். அதற்கும் மர்சலின் வழி வைத்திருந்தாள். தம்பியாகக் கூப்பிடவில்லை, வேலைக்காரனாகக் கூப்பிடுகிறாள். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கையில் கூலி. கூலி கொடுத்தால் திட்டலாம். இதையெல்லாம் ஒன்று, இரண்டு என்று இலக்கம் போட்டு ஆறு பக்கம் எழுதி அனுப்பினாள். பத்தாம் நாள் பதில் தந்தியாக வந்தது. ஆம்ப்ரோஸின் மேஜையிலேயே வந்து இறங்கியதால், அவரே அதை எடுத்துக்கொண்டு வெயிலில் ஓடி வந்தார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. தந்தியில் ஒரே சொல்: வருகிறேன்.

அக்டோபர் நடுவில் எழும்பூரில் போட் மெயில் வந்து நின்றது. மர்சலின் அரைநாள் லீவு போட்டுவிட்டு பிளாட்பாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தாள். முப்பத்திரண்டு வயசு வால்டர் கறுத்த, அகன்ற தோளோடு சிரித்துக்கொண்டே இறங்கினான். அவன் பின்னால் இரண்டு போர்ட்டர்கள் சவப்பெட்டி நீளத்துக்கு ஒரு மரப்பெட்டியை இறக்கினார்கள். உள்ளே முழுக்க உளிகளும் இழைப்புளிகளும். அவளுக்குக் கையைத் தட்ட வேண்டும் போலிருந்தது. பங்கில் பார்த்தவர்களிடமெல்லாம் குதிரை வண்டியை நிறுத்தி நிறுத்தி, இவன்தான் கொழும்புத் தம்பி, அறை கட்ட வந்திருக்கிறான் என்று சொல்லிக்கொண்டே வந்ததில் வீடு சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று.

மறுநாள் வால்டர் கொல்லையைச் சுற்றிச் சுற்றி வந்தான். விரலை நனைத்துக் காற்றில் நீட்டினான். மழை எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும் என்று கேட்டான். செங்கல்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அஸ்திவாரம் எப்போது தோண்டுவது என்று மர்சலின் மூன்றாவது தரம் கேட்டபோது துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, ஒரு விஷயம் சொல்லணும். நான் இதுவரைக்கும் வீடு கட்டினதே இல்ல."

கொழும்பில் அவன் செய்தது படகு. கப்பல்களில் தொங்குமே, கப்பல் முழுகினால் ஏறித் தப்பிக்கிற படகு, அது. யுத்தம் நடந்தவரை ராப்பகலாக அதுதான் வேலை. யுத்தம் நின்றதும் படகும் வேண்டாம், ஆளும் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா ஊரில் என்ன சொல்லி வைத்திருந்தாள் என்பது அக்காவின் கடிதத்தைப் பார்த்துத்தான் அவனுக்கே தெரிந்தது. செத்துப்போனவளைப் பொய்க்காரி ஆக்க மனசு வராமல் ரயிலேறிவிட்டான்.

மர்சலின் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவனைத் திருப்பி அனுப்பினால் மேஸ்திரி, மேஸ்திரி என்றால் பொங்கல், பொங்கல் என்றால் போயிற்று. ஒரு நிமிஷம் அவளுக்கு அழுகை முட்டியது. அடுத்த நிமிஷம் வேறொன்று முட்டியது.

"நீ செய்யற படகுக்குள்ள தண்ணி வருமா?"

"நான் செஞ்சதுக்குள்ள ஒரு சொட்டு வராது அக்கா."

"அப்ப அதையே கவுத்து மேல வெச்சா?"

வால்டர் அவளையே பார்த்தான். பிறகு எழுந்தான், கொல்லையைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு மெல்ல வந்தது. ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தான். கூலிக்கு வைத்த மனிதனைத் திட்டுவதற்காக மர்சலின் இரண்டு நாளாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அத்தோடு வீணாகிவிட்டது.

அண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். மர்சலின் ஒரு சந்தோஷமான விஷயத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தரம். அந்த நாட்களில் அவள் பேச்சு வந்துவிடுமோ என்ற பயத்தில் பாதி நேரம் பாடிக்கொண்டே இருந்தாள்.

மரம் பீர் முஹம்மது கொடுத்தார். அடையாறுப் பக்கம் பட்டாளத்தார் போட்டிருந்த கொட்டகைகளைப் பிரித்து ஏலம் விட்டபோது எடுத்த தேக்குப் பலகை அவர் மரக்கடையில் மலையாகக் கிடந்தது. பலகை கேட்டதில் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. விலா எலும்பு போல வளைந்த பூவரசங்கட்டைகளாக வால்டர் பொறுக்கி எடுப்பதைப் பார்த்துத்தான் வந்து நின்றார்.

"இன்னா டீச்சரம்மா, வூடு கட்டறேன்னு சொல்லிட்டு கோணக் கட்டையா எடுத்துக்கினு கீறீங்க. எவனும் சீந்தாத சரக்காச்சே."

மர்சலினால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். பீர் முஹம்மது தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார், பிறகு கோணக் கட்டைகளுக்குக் காசு வேண்டாம் என்றார். அந்தப் படகு மேலே ஏறுகிற அன்றைக்குத் தன்னைக் கூப்பிட மறந்தால்தான் கோபம் வரும் என்றும் சொன்னார்.

அறையின் நாலு மரச்சுவர்களையும் வால்டர் கொல்லையிலேயே பத்து நாளில் நிறுத்திவிட்டான். ராஜநாயகம் சாயங்காலம் வந்து தட்டிப் பார்த்து, பரவாயில்லை என்றார். கூரையைச் செய்யக் கொல்லையில் இடம் போதவில்லை. தெருவின் கடற்கரைக் கோடியில் பங்குக்குச் சொந்தமான காலி மனை ஒன்று இருந்தது, பங்குசாமி அதைக் கொடுத்தார். படகு செய்கிறவனுக்குக் கடல் காற்றுப் பட்டதும் கை தானாக ஓடியது. நவம்பர் பத்தாம் தேதி முதல் ஓலை வாசித்தபோது பூவரசு விலாக்கள் வரிசையாக நின்றுவிட்டன. காலஞ்சென்ற லாசரஸ் மகள் மர்சலின் என்று கோயிலில் தன் பேரைக் கேட்டபோது அவளுக்குக் காது சூடாயிற்று. பூசை முடிந்ததும் ஜனங்கள் அவளை வாழ்த்திவிட்டு நேரே காலி மனைக்குப் போனார்கள்.

அதற்கப்புறம் ரகசியம் என்ன இருக்கிறது? குப்பத்து மீன்காரர்கள் வலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். பலகை சேருகிற இடுக்குகளில் தேங்காய்ப் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றி அடைப்பதைக் கலப்பத்து அடிப்பது என்பார்கள். வால்டரின் கலப்பத்து சரியில்லை என்று அவர்களுக்குள் இரண்டு கட்சி கிளம்பியது. கடைசியில் அவர்களே உட்கார்ந்து அடித்தார்கள். தெரு முழுக்கக் குங்கிலிய வாசனை. மர்சலினின் மூன்றாம் வகுப்பு வாய்ப்பாட்டையே மறந்துவிட்டது.

ராஜநாயகத்துக்கு விஷயம் துறைமுக ஆபீஸில் போய்ச் சேர்ந்தது. உங்கள் வீட்டில் கப்பல் கட்டுகிறீர்களாமே, எங்களுக்கும் ஒரு டிக்கெட் உண்டா என்று யாரோ கேட்டிருக்கிறான். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் மனைக்குப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பகலெல்லாம் கப்பல் கணக்கு எழுதறேன். வீட்டுக்கு வந்தா இங்கயும் கப்பலா? கல்யாணப் பொண்ணைக் குடி வைக்கற இடமா மர்சலின் அது? ஊர் சிரிக்குது."

சிரிக்கிற ஊரே வந்து கலப்பத்து அடிப்பதை அவர் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை பொழுது சாய்வதற்குள் அது அறைமேல் ஏறி உட்கார்ந்திருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டேன், இல்லாவிட்டால் பங்குசாமியிடம் நானே போய்க் கல்யாணத்தைத் தள்ளி வைக்கச் சொல்வேன் என்று ராஜநாயகம் முடித்தார். சொன்னால் செய்கிறவர்.

இரண்டாம் ஓலை ஆயிற்று. மூன்றாம் ஓலையும் ஆயிற்று, ஒருவரும் தடை சொல்லவில்லை. திங்கட்கிழமை வால்டர் கூரைக்கு உள்ளும் புறமும் எண்ணெய் பூசினான். குப்பத்துக்காரர்கள் சேர்ந்து அதைக் கவிழ்த்து வைத்து, மேலே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். மர்சலின் உள்ளே ஊர்ந்து போய் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்தபோது புடவையில் ஒரு பொட்டு ஈரமில்லை. அவள் புடவைத் தலைப்பை எல்லாருக்கும் தொட்டுத் தொட்டுக் காட்டினாள்.

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மழை. மத்தியானம் மூன்று மணிக்கு இருபத்துநாலு பேர் கூரைக்கு அடியில் புகுந்தார்கள். பாதி குப்பத்துக்காரர்கள், மீதி தபாலாபீஸ் ஆட்கள், பங்கு வாலிபர்கள், அவர்களோடு தலையில் துண்டு கட்டிய பீர் முஹம்மது. படகு தள்ளுகிற குரல் ஒன்று எழுந்தது, கூரை தரையை விட்டு எழுந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒருவர் முகமும் தெரியவில்லை. நாற்பத்தெட்டுக் கால்கள் முளைத்த ஒரு கூரை மழையில் தெருவோடு நடந்து வந்தது. வீட்டுக்கு வீடு ஜனங்கள் வாசலில் நின்றார்கள். ஒரு வீட்டில் சாம்பிராணிகூடப் போட்டார்கள். மர்சலின் பள்ளிக்கூடத்திலிருந்து குடையை மறந்து ஓடி வந்து, கூரைக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே வழி காட்டினாள். இத்தனை வருஷமும் தான் உயிரோடிருந்தது இந்த ஒரு மத்தியானத்துக்காகத்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

தெரு முனையில் கூரை நின்றது.

அங்கே இடது பக்கம் திரும்பினால் அவர்கள் வீடு இருக்கும் சந்து. ஒரு பக்கம் ஓய்வு பெற்ற ஜட்ஜ் ஒருவரின் பங்களா மதில், ஆளுயரத்துக்கு மேல், உச்சியில் கண்ணாடிச் சில்லுகள். மறு பக்கம் வரிசையாக வீட்டுச் சுவர்கள். கூரையின் மூக்கு மதிலில் இடித்தது. பின்னால் வந்தார்கள், வால் சுவரில் இடித்தது. வால்டர் சந்தின் அகலத்தை மூன்று தரம் அளந்திருந்தான், கூரை அதில் தாராளமாகப் போகும். திரும்புகிற இடத்தை அளக்கவில்லை. செய்கிற இடத்திலிருந்து படகு நேரே தண்ணீருக்குப் போகும், நடுவில் தெருமுனை எங்கே இருக்கிறது? அவன் வாழ்க்கையில் செய்த எதுவும் ஒரு மூலையில் திரும்பினதில்லை.

ஜட்ஜ் பெங்களூர் போயிருந்தார். மதிலில் நாலடி இடித்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, ஐயா வராமல் ஒரு கல்லைத் தொட விடமாட்டேன் என்றான் காவல்காரன். கூரையைக் குறுக்கே அறுத்து, கொண்டுபோய் ஒட்டவேண்டுமானால் எத்தனை நாள் என்று யாரோ கேட்டார்கள். மழையில் ஒரு வாரம் என்றான் வால்டர். அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ராஜநாயகம் குடையோடு வந்து நின்றார். கத்துவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

"விடு மர்சலின். நீ செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சிட்ட. கிறிஸ்மஸுக்கு அப்புறம் வெச்சுக்கலாம்."

தெருவே அவளைப் பார்த்தது. மழை அவள் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது.

"அண்ணா, அப்புறம்னு சொல்லித்தான் எனக்கு ஒரு கல்யாணம் போச்சு. அறை இருந்தாலும் நாளைக்குத்தான், இல்லன்னாலும் நாளைக்குத்தான். இந்தக் கூரை எங்க இருக்கோ அதுக்கடியில குடியிருக்கேன். நனையாம இருந்தா போதும் எனக்கு."

அப்போது கூரைக்கு அடியிலிருந்து ஒரு ஆள் குனிந்து வெளியே வந்தார். ஆம்ப்ரோஸ். மூன்று மணிக்கே ஆபீஸிலிருந்து நழுவி வந்து மற்றவர்களோடு தோள் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார், அவளுக்கே தெரியாது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"எனக்கும் போதும்" என்றார்.

ராஜநாயகம் இரண்டு பேரையும் பார்த்தார். குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். இருபத்துநாலு பேரும் கூரையை வந்த வழியே திருப்பிச் சுமந்தார்கள். பீர் முஹம்மது கடையிலிருந்து தடித்தடியான தேக்கு உத்தரங்களை வண்டியில் வரவழைத்தார். நாலு பக்கமும் இடுப்புயரத்துக்கு அவற்றை அடுக்கி, மேலே கூரையை வைத்தார்கள். ஒரு பக்கம் வழி விட்டு, அங்கே கித்தான் தொங்கவிட்டான் வால்டர். உள்ளே நின்றால் ஆம்ப்ரோஸின் தலைக்குமேல் ஒரு சாண் மிச்சம் இருந்தது. மர்சலின் தரையில் மணல் கொட்டிப் பாய் விரித்துப் பார்த்தாள். தெருவுக்கே தெரிகிற குடித்தனம்தான். அவளுக்குப் பயமாயிருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாயிருந்தது.

புதன்கிழமை காலை ஏழு மணிப் பூசையில் கல்யாணம் நடந்தது. பெட்டியிலிருந்த பழைய புடவையை அவள் கட்டவில்லை, புதிதாக ஒன்று வாங்கிக் கட்டினாள். மூன்றாம் வகுப்பு முழுக்க முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. ராஜநாயகம் தங்கையைக் கையைப் பிடித்துப் பீடம்வரை அழைத்துப் போனார், வழியில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மத்தியானம் விருந்திலும் எல்லாருக்கும் பரிமாறினார், அவளோடு பேசவில்லை. கோபம் இன்னும் இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அது மட்டும் அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஆம்ப்ரோஸ் தன் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். மர்சலின் அரிக்கன் விளக்கையும் தலையணைகளையும் எடுத்துக்கொண்டாள். இருவரும் தூறலில் தெருக்கோடிக்குப் போனார்கள். காலி மனையில் கூரைக்குள்ளே ஏற்கனவே வெளிச்சம் தெரிந்தது.

கித்தானை விலக்கினாள். உள்ளே பாயில் ராஜநாயகம் காலை நீட்டிச் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். டோரதி கடைசிப் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். மற்ற இரண்டு பிள்ளைகளும் பூவரசு விலாக்களைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தன. மூலையில் மண்பானை, சொம்பு, ராஜநாயகம் ஆபீஸுக்குப் போட்டுக்கொண்டு போகும் கோட்டு. ஒரு மாதக் குடித்தனத்துக்கு வேண்டிய சாமான் எல்லாம் வந்து சேர்ந்திருந்தது.

"வீட்ல எங்க அறையைக் காலி பண்ணியாச்சு. கட்டில்ல புது விரிப்புப் போட்டிருக்கா உங்க அண்ணி" என்றார் ராஜநாயகம், பேப்பரை இறக்காமல். "ஜட்ஜ் வந்து மதிலுக்கு வழி சொல்றவரைக்கும் நாங்க இங்க இருந்துக்கறோம்."

மர்சலின் வாசலிலேயே நின்றாள். நாளைக் காலை ஆபீஸ் போகிறவர்கள் எல்லாரும் இந்த மனையைத் தாண்டித்தான் போவார்கள். துறைமுகத்து ஆட்களும் போவார்கள். அண்ணன் இதற்குள்ளிருந்து குனிந்து வெளியே வந்து, கோட்டை மாட்டிக்கொண்டு, அவர்களோடு சேர்ந்து நடக்க வேண்டும்.

"அண்ணா, ஊர் சிரிக்கும்" என்றாள்.

"சிரிக்கட்டும்" என்றார் ராஜநாயகம். "போ, மாப்பிள்ளை நனையறார்."